பேராயர் கை வைத்த நாளில் நான் வளர்ந்துவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சில வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு தாய் மனம் நொந்து எழுதியிருந்தார். கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் திடப்படுத்தல் முடிந்த கையோடு ஆலயத்தை மறந்துவிடுகிறார்கள் என்பது அவருடைய ஆதங்கம். செல்போனும் வெளியூர்ப் படிப்பும்தான் காரணம் என்று அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து என் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிள்ளைகள் எதை விட்டு விலகிப் போகிறார்கள் என்று பெரியவர்கள் நாம் ஒருதரமாவது யோசித்தோமா? வளர்ந்த விசுவாசம் என்று காட்ட நம்மிடத்தில் என்ன இருந்தது?

நான் ஓய்வுபெற்ற அரசு பஸ் கண்டக்டர். வயது எழுபது. மெஞ்ஞானபுரம் பக்கம், தேரிக்காடு என்னும் செம்மணல் காட்டு ஓரத்தில் ஒரு சிற்றூர். அப்பா பனையேறினார், அம்மா பதநீர் காய்ச்சினாள். ஐம்பது வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். கடந்த சில வருடங்களாகத் திடப்படுத்தல் வகுப்பில் ஐயருக்கு (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) உதவியாகவும் இருக்கிறேன். பிற மதத்து வாசகர்களுக்காக ஒரு வார்த்தை: குழந்தையாயிருக்கும்போது பெற்றோர் நமக்காகச் சொன்ன ஞானஸ்நான வாக்குறுதியை, விவரம் தெரிந்த வயதில் நாமே சபை முன்னால் நின்று ஏற்றுக்கொள்வதுதான் திடப்படுத்தல். பேராயர் தலையில் கை வைத்து ஜெபிப்பார். அதன் பிறகு, அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் பங்கு உண்டு.

எனக்கு அது 1970இல் நடந்தது. பதினைந்து வயது. அப்போதெல்லாம் பேராயரை அத்தியட்சர் என்போம். அண்ணனுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையை எனக்கு மடித்துத் தைத்தார்கள். பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் எல்லாம் உபதேசியாரின் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் ஆகியிருந்தன. அன்று மத்தியானம் வீட்டில் கோழிக் குழம்பு. "இனி நீ பெரியவன்" என்று அம்மா சொன்னாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கை வைக்கும்போது சொல்லப்படும் ஜெபத்தை இப்போது பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வார்த்தையாக விளக்குகிறேன். இந்தப் பிள்ளையைப் பரம கிருபையால் காத்தருளும், இவன் உம்முடைய ராஜ்யத்துக்கு வந்துசேரும் வரைக்கும் நாளுக்கு நாள் ஆவியில் அதிகமதிகமாய் வளரச் செய்யும் என்பது அதன் பொருள். வளர்ந்துவிட்டான் என்று அதில் எங்கேயும் இல்லை. காத்தருளும், வளரச் செய்யும் என்ற இரண்டு கெஞ்சல்கள்தான். அந்த ஜெபத்தைத்தான் நாம் வெள்ளை உடுப்பு, போட்டோ, பிரியாணி என்று ஒரு முடிவுவிழா ஆக்கிவிட்டோம். பிற்பாடு ஆலயத்தில் கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கும்போது மட்டும் அந்தச் சான்றிதழ் பீரோவிலிருந்து வெளியே வரும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. முன்னோர் பெருமை. கிறிஸ்தவக் குடியிருப்பான முதலூர் 1799இல் உண்டானது என்போம். மெஞ்ஞானபுரம் ஆலயக் கோபுரம் 192 அடி என்போம். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியாதான் 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் என்று மார்தட்டுவோம். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த அசரியா பேராயர் ஆவதற்கு மூன்று வருடம் முன்பே, நம் மொழி வழங்காத தெலுங்கு நாட்டு தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனவர். அந்த மொழியைப் பேசி, அங்குள்ள ஏழை எளியவர்களுக்காகப் பாடுபட்டு, 1945இல் இறந்தார். அவர் பெயரைச் சொல்லி மகிழ்கிற நாம் அடுத்த தெருவில் இருக்கும் பங்காளி வீட்டுக்குக்கூடப் போவதில்லை. அப்பா தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு "நான்தான் உயரம்" என்று சொல்வது குழந்தை. அப்படிக் குழந்தையாகவே முதுமை வந்துவிட்ட பலரை எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

1980இல் வேலையில் சேர்ந்தேன். டவுன் பஸ். கண்டக்டர் வேலையில் சில்லறை ஒரு தீராத தொல்லை. மீதி கொடுக்க முடியாதபோது டிக்கெட்டின் பின்னால் பேனாவால் எழுதிக் கொடுப்போம். இறங்கும்போது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள். சிலர் கால் ரூபாய்க்காகக் கேட்கக் கூச்சப்படுவார்கள். கணக்குத் தாளில் உள்ளதற்கு மேல் பையில் காசு இருந்தால் செக்கிங்கில் கேள்வி வரும். ஆகவே உபரிச் சில்லறையைத் தோல் பையிலிருந்து சட்டைப் பைக்கு மாற்றும் பழக்கம் வெகு சீக்கிரம் வந்துவிட்டது. யாரும் அதைத் திருட்டு என்று சொல்லவில்லை. டீ செலவு என்றார்கள். ஏழு வருடம் அப்படியே ஓடியது. அந்த ஏழு வருடமும் ஒரு ஞாயிறு தவறாமல் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன், திருவிருந்தில் முழங்கால்படியிட்டேன்.

1987இல் ஒரு சனிக்கிழமை. உடன்குடிச் சந்தைக்கு ஓலைப்பெட்டியில் கருப்பட்டி கொண்டுபோகும் ஒரு பாட்டி. அடிக்கடி வருகிறவள்தான். நிறுத்தத்தில் இறங்கி, தலையில் சும்மாடு வைத்து, பெட்டியைத் தூக்கிவிட ஆள் பார்த்துக்கொண்டே டிக்கெட்டை என்னிடம் நீட்டினாள். பின்னால் 25 என்று என் கையெழுத்து. "சில்லறை இல்ல பாட்டி, அடுத்த தடவ வாங்கிக்கோ" என்றேன். சொல்லிக்கொண்டே படியில் காலை மாற்றி வைத்தபோது என் சட்டைப் பை குலுங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. "பரவால்ல ராசா, ஓம் புள்ளைக்கு முட்டாயி வாங்கிக் குடு" என்றாள்.

நான் இரண்டு விசில் கொடுத்தேன். பஸ் புறப்பட்டது.

அவள் சண்டை பிடித்திருந்தால் நான் மறந்திருப்பேன். கண்டக்டர் வேலையில் வசவு பழகிப்போகும். அவளோ நான் எடுத்ததைத் தானே கொடுத்ததாக ஆக்கிவிட்டாள். அன்று ராத்திரி மறுநாள் பாடத்தைப் புரட்டினால் பைபிளில் வரும் சகேயு கதை. காட்டத்தி மரத்தில் ஏறியவன், காசு வசூல் பண்ணும் ஆயக்காரருக்குத் தலைவன். "நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்" என்று, அதாவது வாங்கியதற்கு நாலு மடங்காக என்று, அவன் சொல்லும் இடத்தில் விரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவரை நான் கவனியாத ஒன்று அன்று கண்ணில் பட்டது. திருப்பிக் கொடுக்கிறேன் என்று சகேயு சொன்ன பிறகு இயேசு அவன் வீட்டுக்கு வரவில்லை. முதலில் "இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். அதன் பிறகுதான் அவன் எழுந்து நின்று கணக்குத் தீர்க்கிறான்.

மறுநாளே நான் நல்லவனாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. இனி ஒரு காசு எடுப்பதில்லை என்று ஆலயத்தில் பொருத்தனை செய்தேன். மூன்று மாதம் நன்றாகப் போயிற்று. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. இரண்டு பிள்ளைகளுக்கும் நோட்டு, சீருடை. சட்டைப் பை மறுபடி கனத்தது. திரும்பவும் பொருத்தனை, திரும்பவும் தோல்வி. வருடம் முழுக்க இப்படியே. இந்த இடத்தில் பல பேர் விசுவாசத்தைக் கைவிட்டுவிடுகிறார்கள். அல்லது இன்னும் மோசமாக, பாவத்தைப் பாவம் என்று சொல்வதைக் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கும் இரண்டு வழியும் திறந்தே இருந்தது.

என்னைத் தூக்கிவிட்டது என் டிரைவர். ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முதல் ஆளாக வரி கொடுக்கிறவர். ஒருநாள் ராத்திரி கடைசி டிரிப் முடிந்து டிப்போ வாசலில் டீ குடிக்கும்போது அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எங்கள் ஐயரிடம்கூடச் சொல்லாததை ஏன் அவரிடம் சொன்னேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. அவர் உபதேசம் பண்ணவில்லை. மறுநாளிலிருந்து ஒவ்வொரு டிரிப் முடிவிலும் என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி, "அண்ணாச்சி, மீதி குடுத்தாச்சா?" என்று மட்டும் கேட்பார். பதினோரு வருடம் நாங்கள் ஒரே வண்டியில் ஓடினோம். பதினோரு வருடமும் கேட்டார். பொருத்தனையால் முடியாதது அந்த ஒரு கேள்வியால் முடிந்தது. காலையில் டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து, "இன்றைக்கு ஒருநாள் மட்டும் தாரும் ஆண்டவரே" என்று கேட்கவும் அப்போதுதான் பழகினேன். ஆயுசுக்கும் நேர்மையைக் கேட்டபோது கிடைக்கவில்லை. ஒரு நாளைக்குக் கேட்டபோது கிடைத்தது.

அந்தப் பாட்டியைத் தேடிப் போனதையும் சொல்லவேண்டும். சில வாரமாக அவள் பஸ்ஸில் வரவில்லை. வார ஓய்வு நாளில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, கேட்டுக் கேட்டு அவள் பனைவிளையைக் கண்டுபிடித்தேன். விடிலிக் குடிசையில் பதநீர் காய்ச்சிக்கொண்டிருந்தாள். கால் ரூபாயை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஞாபகமே இல்லை. "இதுக்கா இம்புட்டுத் தூரம் மிதிச்சு வந்த?" என்றாள். காசை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டு, பனையோலைப் பட்டையில் பதநீர் ஊற்றி என் கையில் தந்தாள். "குடிச்சிட்டுப் போ." கடனை அடைக்கப் போனவன் மறுபடியும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். கிருபை என்ற வார்த்தையை நான் ஆயிரம் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அந்தப் பட்டையின் மணம்தான் எனக்கு அதற்கு அர்த்தம்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, கிருபையையும் கீழ்ப்படிதலையும் இரண்டு கட்சியாகப் பிரித்துப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒரு பக்கம், "எல்லாம் கிருபை, நீ எதையும் செய்யவேண்டாம், ஆசீர்வாதத்தை மட்டும் பெற்றுக்கொள்" என்று டிவியில் பேசுகிறார்கள். மிட்டாய்க்குக் கை நீட்டும் வயதிலேயே சபையை நிறுத்திவைக்கும் பேச்சு அது. மறுபக்கம், சினிமா பார்க்காதே, நகை போடாதே என்று பட்டியல் போட்டு, அதைக் கடைப்பிடித்தால் முதிர்ச்சி என்கிறார்கள். அந்தப் பட்டியல் எல்லாவற்றையும் நான் அந்த ஏழு வருடமும் கடைப்பிடித்தேன். பீடி குடித்ததில்லை, கள் தொட்டதில்லை. சட்டைப் பை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, பயத்தோடும் நடுக்கத்தோடும் பிரயாசப்படுங்கள் என்று சொன்ன அதே மூச்சில், "தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்" என்கிறார். நடுவில் முற்றுப்புள்ளி வைத்து ஆளுக்கொரு பாதியை எடுத்துக்கொண்டது நாம்தான்.

எங்கள் மண்ணில் இருப்பவர்களுக்கு வளர்ச்சி என்றால் பனைதான் கண்முன் வரும். கொட்டையைப் புதைத்தால் முதலில் மேலே ஒன்றும் வராது. கிழங்கு கீழேதான் இறங்கும். அதற்குப் பிறகும் பல வருடம் வடலியாக, தரையோடு தரையாக ஓலை விரித்து நிற்கும். தண்டு எழும்பவே காலமாகும், பாளை விட இன்னும் காலமாகும். பதினைந்து வயதுப் பையனைப் பார்த்து "நீ பெரியவன்" என்று நாம் சொல்வது, வடலியில் ஏணி சாய்க்கிற வேலை.

கீழ்ப்படிதல் என்றாலே ஏதாவது ஓடியாடிச் செய்வது என்றும் ஆகிவிட்டது. என் அம்மா கடைசி நாலு வருடம் படுக்கையில் இருந்தபோது, "ஊழியம் செய்ய முடியலையே" என்று அழுவாள். அவளுக்கு டோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் பற்றிச் சொல்லுவேன். 1901இல் அங்கே வந்து, ஆதரவற்ற பெண் குழந்தைகளைப் பிள்ளைகளாக வளர்த்தவர். 1931இல் கீழே விழுந்து அடிபட்ட பின், 1951இல் கண்மூடும் வரை ஏறக்குறைய இருபது வருடம் பெரும்பாலும் தன் அறையிலேயே கழிந்தது. நடமாடிய வருடங்களுக்கு எந்த விதத்திலும் குறையாத வருடங்கள் அவை. அங்கிருந்தே எழுதினார், ஜெபித்தார், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார். தன் கல்லறைக்குப் பெயர்க் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்று அங்கே இருப்பது பறவைகள் தண்ணீர் குடிக்கும் ஒரு கல்தொட்டி. அதில் பிள்ளைகள் அவரைக் கூப்பிட்ட சொல் மட்டும் இருக்கிறது. அம்மா இதைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். அதன் பிறகு அழுவதை விட்டுவிட்டு, தெருவில் உள்ள வீடுகளை வரிசையாகப் பெயர் சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தாள். எங்களோடு வாய்க்கால் வழக்கு நடத்திய வீட்டுப் பெயரும் அந்த வரிசையில் வந்தது. அதைக் கேட்ட அன்று என் அம்மா என் கண்முன்னே வளர்ந்தாள். அவளுக்கு அப்போது எண்பத்தொன்று.

திடப்படுத்தல் வகுப்பில் இப்போது நான் மனப்பாடத்தைக் குறைத்துவிட்டேன். லூக்கா இரண்டாம் அதிகாரத்தின் கடைசியை முதல் வாரமே வாசிப்போம். பன்னிரண்டு வயது இயேசு, தேவாலயத்தில் போதகர்களே ஆச்சரியப்படும்படி பேசியவர், பெற்றோரோடு நாசரேத்துக்குத் திரும்பிப் போய் அவர்களுக்குக் கீழ்ப்படிந்திருந்தார். (எங்கள் பக்கத்திலும் நாசரேத் என்று ஓர் ஊர் உண்டு. நம்ம நாசரேத்தா என்று வருடம் தவறாமல் ஒரு பிள்ளை கேட்கும்.) அடுத்த வசனத்திலேயே, "ஞானத்திலும் வளர்த்தியிலும் தேவகிருபையிலும் மனுஷர் தயவிலும் அதிகமதிகமாய் விருத்தியடைந்தார்" என்று வருகிறது. ஆண்டவருக்கே வளர்த்தி என்ற ஒன்று இருந்தது, அதுவும் ஒரு தச்சன் வீட்டில், ஒருவரும் பார்க்காத பதினெட்டு வருடம். இதைப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு கேட்கும்.

அதன் பிறகு வாரம் ஒரு காரியம். நீங்களே தெரிந்தெடுத்து ஒரு கீழ்ப்படிதலைச் செய்யவேண்டும், யாரிடமும் சொல்லக்கூடாது. அடுத்த வாரம் நான் "செய்தியா, இல்லையா" என்று மட்டும் கேட்பேன். முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளும் "செஞ்சிட்டேன் தாத்தா" என்பார்கள். மூன்றாம் நாலாம் வாரத்தில்தான் பாடமே தொடங்கும். போன வருடம் ஒரு பையன், நன்றாகப் படிக்கிறவன், எல்லாரும் போன பிறகு வாசலில் நின்றான். "முடியல தாத்தா. மூணு வாரமாப் பாக்கேன், முடியல" என்றான். என்ன காரியம் என்று நான் கேட்கவில்லை. அவன் கண் கலங்கியிருந்தது. பக்கத்தில் உட்காரவைத்து என் சட்டைப் பைக் கதையைச் சொன்னேன். இரண்டு பேருமாக ஜெபித்தோம், ஒரு நாளைக்கு மட்டும். அந்த வகுப்பிலேயே முதலில் வளரத் தொடங்கியவன் அவன்தான் என்பது என் எண்ணம். ஆலயத்தை விட்டு அவன் போகவில்லை. இப்போது வெளியூரில் படிக்கிறான். லீவில் வந்தால் நேரே என் திண்ணைக்குத்தான் வருவான்.

கடிதம் எழுதிய அந்தத் தாய்க்கு: அம்மா, உங்கள் பிள்ளையைத் திட்டாதீர்கள். உங்களுக்கு முடியாமல் போன ஒரு காரியத்தை, பின் கிருபையால் முடிந்த ஒரு காரியத்தை, அவனிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். நம் பிள்ளைகள் நம்முடைய ஜெயங்களை மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள். நாம் விழுந்ததையும் எழுந்ததையும் அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஒரு சமாச்சாரம் பாக்கி. அந்த 1987க்குப் பிறகு, ஜனங்கள் மறந்துவிட்டுப் போன மீதியை நான் வீட்டில் ஒரு பால்மாவு டின்னில் தனியாகப் போட்டு வந்தேன். ரூபாயும் அரை ரூபாயும் பிறகு வந்தவர்களுக்கு மீதி கொடுக்கப் பயன்பட்டுவிட்டன. கால் ரூபாய்கள் தங்கிவிட்டன. ஏதாவது நல்ல காரியம் செய்யலாம், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். 2011 ஜூன் கடைசியோடு கால் ரூபாய் செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. நான் டின்னைத் திறந்தது ஜூலையில். 412 கால் ரூபாய் நாணயங்கள். ஐயரிடம் கொண்டுபோய், 103 ரூபாயை என் சம்பளத்திலிருந்து காணிக்கையில் போட்டுவிடவா என்று கேட்டேன். "அது உம்முடைய காசு இல்லையே, காணிக்கையாகப் போட உமக்கு ஏது உரிமை? ஜனங்களுடையதை ஜனங்களுக்கே கொடும்" என்றார்.

அந்த ஞாயிறு வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை கை தூக்கினாள். "நாலத்தனைன்னா 412 ரூவா வரும் தாத்தா. ஒரு காலுக்கு ஒரு ரூவா." எனக்கு அது தோன்றவே இல்லை. 412 ஒற்றை ரூபாய் நாணயம் மாற்றி வாங்கினேன். 2013இல் ஓய்வு பெறும்வரை இடது பையில் அதைத் தனியாக வைத்திருந்து, சில்லறை இல்லாதவர்களுக்கும் டிக்கெட்டுக்கு ஒரு ரூபாய் இரண்டு ரூபாய் குறைந்தவர்களுக்கும் கொடுத்தேன். மிச்சத்தை இப்போது பயணியாகப் போகும்போது கொடுக்கிறேன். 2021லிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் கருப்பட்டிப் பெட்டி கொண்டுவரும் பாட்டிமாருக்குக் கொடுக்க வழியில்லாமல் போயிற்று. அதனால் மெதுவாகத்தான் குறைகிறது. இன்னும் ஒன்பது இருக்கிறது.

பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கண்டக்டர்,
மெஞ்ஞானபுரம் அருகில், தூத்துக்குடி மாவட்டம்.